கிறுக்கலும் ஒரு பதில்தான்!

எங்கள் பள்ளியில் படித்து இன்று தனியார் நிறுவனம் ஒன்றில் பணிபுரியும் முன்னாள் மாணவர், தம் அலுவலகத்தில் கழித்த நெட்வொர்க் ஸ்விட்ச் ஒன்றைப் பள்ளிக்கு வாங்கிக் கொடுத்தார். 24 முனைகள் கொண்ட ஸ்விட்ச். எங்கள் மேல்நிலைக் கணினிப் பிரிவில் 14 கணினிகள் இருந்தன. அதுவரை எங்களிடம் இருந்ததோ 8 முனைகள் கொண்ட சிறிய பெட்டி. இனி எல்லாக் கணினிகளையும் ஒன்றாக இணைத்துவிடலாம் என்று மாணவர்களோடு நானும் மகிழ்ந்தேன்.

இணைத்துப் பார்த்தால் பாதிக் கணினிகள் மட்டுமே ஒன்றையொன்று கண்டுகொண்டன. மீதிப் பாதி தனித் தீவாக நின்றது. காரணம் பின்னர் விளங்கியது. முன்பு பயன்படுத்திய அலுவலகம், ஒரே ஸ்விட்சை இரண்டு தனிப் பிரிவுகளாகப் பிரித்து வைத்திருந்தது. அந்தப் பிரிவினையை நீக்க வேண்டும் என்றால் ஸ்விட்சின் உள்ளே சென்று அமைப்பை மாற்ற வேண்டும். அதற்கான வாசல்தான் கன்சோல் போர்ட்.

நகரத்துக் கடையில் அதற்குரிய கேபிளையும் யுஎஸ்பி மாற்றியையும் வாங்கி வந்து இணைத்தேன். திரையில் கட்டங்களும் கேள்விக்குறிகளும் இனம் தெரியாத குறிகளும் வரிசையாக ஓடின. படிக்கக்கூடிய ஒரு சொல்கூட இல்லை. "பழுதான பொருளைத் தலையில் கட்டிவிட்டார்கள் போலிருக்கிறது" என்று முடிவு செய்து, ஸ்விட்சைப் பீரோவில் வைத்துப் பூட்டினேன். ஏறத்தாழ இரண்டு மாதங்கள் அது அங்கேயே இருந்தது. மாணவர்கள் செய்முறை வகுப்பில் முறை வைத்துக் காத்திருந்தார்கள்.

ஒரு நாள் பீரோவைத் திறந்தபோது மீண்டும் ஒரு முறை இணைத்துப் பார்த்தேன். அருகில் நின்ற பதினொன்றாம் வகுப்பு மாணவி திரையைப் பார்த்துவிட்டுச் சொன்னாள்: "சார், ஆர்டுயினோ செய்யும்போது எனக்கும் இதே மாதிரிதான் வந்துச்சு. வேகத்தை மாத்தினதும் சரியாயிடுச்சு."

"எங்கே, நீயே மாத்திப் பாரும்மா" என்றேன்.

9600 என்று இருந்ததை 115200 என மாற்றினாள். அடுத்த விநாடி திரையில் தெளிவான ஆங்கில வரிகள் தோன்றின. ஸ்விட்ச் பழுதாகவே இல்லை. இரண்டு மாதங்களாக அது பேசிக்கொண்டுதான் இருந்தது. அதன் வேகத்தில் நான் கேட்கவில்லை, அவ்வளவுதான்.

அன்று நான் கற்றதை நம் ஆசிரியர்களோடு பகிர்வதே இக்கட்டுரையின் நோக்கம். கணினி ஆசிரியருக்கு மட்டுமன்றி, கணிதம், அறிவியல், தமிழ் ஆசிரியர்களுக்கும் இதில் வகுப்பறைக்கு எடுத்துச் செல்லத்தக்க செய்திகள் உண்டு.

கன்சோல் போர்ட் எதற்கு?

வீட்டு ரூட்டரின் அமைப்பை உலாவி வழியாகத் திறந்து மாற்றுகிறோம். அதற்கு அந்தச் சாதனத்திற்கு ஒரு ஐபி முகவரி இருக்க வேண்டும். நம் கணினியோடு அது வலையமைப்பில் இணைந்திருக்கவும் வேண்டும். முகவரியே தெரியாதபோதும், அமைப்பு குழம்பி வலையமைப்பே இயங்காதபோதும் என்ன செய்வது? அதற்காகவே தொழில்முறை ஸ்விட்ச்களிலும் ரூட்டர்களிலும் கன்சோல் என்று எழுதப்பட்ட தனி முனை ஒன்றை வைத்திருக்கிறார்கள். வலையமைப்பு இல்லாமலே சாதனத்தோடு நேரடியாகப் பேசும் வழி இது.

இந்தப் பேச்சு, சீரியல் முறையில் அதாவது ஒரே கம்பியில் ஒரு பிட்டுக்குப் பின் ஒரு பிட்டாக நடக்கிறது. இதற்கான ஆர்எஸ்-232 என்னும் தர அளவு 1960இல் அமெரிக்காவில் வெளியானது. அறுபது ஆண்டுகளுக்குப் பிறகும் கன்சோல் முனைகளில் அது வழக்கத்தில் இருக்கிறது. இயற்பியல் ஆசிரியர்களுக்குச் சுவையான செய்தி ஒன்று: இம்முறையில் 1 என்பதற்கு எதிர் மின்னழுத்தம் (-3 முதல் -15 வோல்ட் வரை), 0 என்பதற்கு நேர் மின்னழுத்தம் (+3 முதல் +15 வோல்ட் வரை).

ஒரு எச்சரிக்கை. பல ஸ்விட்ச்களில் கன்சோல் முனையும் சாதாரண வலையமைப்பு முனையைப் போலவே ஆர்ஜே-45 வடிவில் இருக்கும். சாதாரண கேபிளை எடுத்துக் கன்சோல் முனைக்கும் மடிக்கணினியின் வலையமைப்பு முனைக்கும் இடையே செருகினால் எதுவும் நடக்காது. இதற்கு ரோல்ஓவர் கேபிள் வேண்டும். பெரும்பாலும் தட்டையாக, வெளிர் நீல நிறத்தில் இருக்கும். ஒரு முனையின் 1ஆம் கம்பி மறுமுனையில் 8ஆம் இடத்திற்கும், 2ஆம் கம்பி 7ஆம் இடத்திற்கும் என முழு வரிசையும் தலைகீழாகச் செல்லும்.

முன்கூட்டியே செய்துகொள்ளும் ஐந்து உடன்பாடுகள்

சீரியல் பேச்சில் இரு முனைகளுக்கும் பொதுவான கடிகாரம் இல்லை. "இந்த வேகத்தில் அனுப்புகிறேன்" என்று சாதனம் நமக்குச் சொல்வதும் இல்லை. ஆகவே ஐந்து செய்திகளில் இரு பக்கமும் ஒரே அமைப்பில் இருக்க வேண்டும்.

1. வேகம்: விநாடிக்கு எத்தனை பிட் என்பது. இதைப் பாட் வீதம் என்கிறோம். பிரெஞ்சு தந்திப் பொறியாளர் எமில் போதோவின் நினைவாக வந்த பெயர் இது. 1200, 2400, 4800, 9600, 19200, 38400, 57600, 115200 ஆகியவை வழக்கமான வேகங்கள்.

2. தரவு பிட்டுகள்: ஓர் எழுத்துக்கு எத்தனை பிட். இன்று பெரும்பாலும் 8. பழைய கருவிகளில் 7.

3. பாரிட்டி: பிழையைக் கண்டறியச் சேர்க்கும் ஒரு பிட். 1களின் எண்ணிக்கை இரட்டைப்படையாக வரும்படி சேர்த்தால் இரட்டை பாரிட்டி. ஒற்றைப்படையாக வரும்படி சேர்த்தால் ஒற்றை பாரிட்டி. ஒரு பிட் மாறினால் பிழை தெரிந்துவிடும். இரண்டு பிட்டுகள் மாறினால் தெரியாது. இன்று பெரும்பாலும் "இல்லை" என்றே வைக்கிறார்கள்.

4. நிறுத்த பிட்: ஓர் எழுத்து முடிந்தது என்பதற்கான அடையாளம். 1 அல்லது 2.

5. ஓட்டக் கட்டுப்பாடு: "சற்றுப் பொறு", "இப்போது அனுப்பு" என்று ஒருவர் மற்றவருக்குச் சொல்லும் முறை. கன்சோலில் பொதுவாக "இல்லை".

சிஸ்கோ நிறுவனத்தின் பல ஸ்விட்ச்கள் தொழிற்சாலையிலிருந்து வரும்போது 9600, 8, பாரிட்டி இல்லை, 1, ஓட்டக் கட்டுப்பாடு இல்லை என்ற அமைப்பில் இருக்கும். மைக்ரோடிக் ரூட்டர்கள் பலவற்றில் வேகம் 115200. சாதனத்தின் கையேட்டை முதலில் பார்ப்பது நல்லது.

ஓர் எழுத்து எப்படிப் பயணம் செய்கிறது?

ஆங்கிலப் பெரிய எழுத்து 'ஏ'யின் குறியீட்டு எண் 65. இருநிலை எண்ணில் 01000001. பேச்சு இல்லாத நேரத்தில் கம்பி 1 என்ற நிலையில் இருக்கும். அனுப்பத் தொடங்கும்போது முதலில் ஒரு 0 வரும். அது தொடக்க பிட். பிறகு எட்டுப் பிட்டுகளும் வலக்கோடியிலிருந்து ஒவ்வொன்றாக வரும்: 1, 0, 0, 0, 0, 0, 1, 0. கடைசியில் நிறுத்த பிட்டாக ஒரு 1. ஆக ஓர் எழுத்துக்கு 10 பிட்டுகள். 9600 வேகத்தில் விநாடிக்கு 960 எழுத்துகள் செல்லும். ஒரு பிட்டின் நேரம் சுமார் 104 மைக்ரோ விநாடிகள்.

பெறும் பக்கம் தொடக்க பிட்டைக் கண்டதும் தன் சொந்தக் கடிகாரத்தை ஓடவிட்டு, ஒவ்வொரு பிட்டின் நடுப்பகுதியிலும் ஒரு முறை பார்த்துக் குறித்துக்கொள்கிறது. தொடக்கத்திலிருந்து நிறுத்த பிட்டின் நடுப்பகுதிக்கு ஒன்பதரைப் பிட் நேரம். அதற்குள் அரைப் பிட் அளவு விலகினால் பக்கத்துப் பிட்டைப் படித்துவிடும். 0.5ஐ 9.5ஆல் வகுத்தால் சுமார் 5 சதவீதம். இரு கடிகாரங்களுக்கும் இடையே அதற்கும் குறைவான வேறுபாடு மட்டுமே இருக்கலாம். எங்கள் ஸ்விட்சிலோ வேறுபாடு 12 மடங்கு! நான் ஒரு முறை எட்டிப் பார்ப்பதற்குள் 12 பிட்டுகள் கடந்து சென்றிருக்கின்றன. பிறகு எப்படிச் சொல் கிடைக்கும்?

இந்த அனுபவம் தமிழ் ஆசிரியர்களுக்குப் புதிதன்று. வானவில் எழுத்துருவில் தட்டச்சு செய்த வினாத்தாளை, அந்த எழுத்துரு இல்லாத கணினியில் திறந்தால் என்ன ஆகும்? பொருளற்ற ஆங்கில எழுத்துகளும் குறிகளும் நிரம்பி வழியும். கோப்பு கெட்டுவிட்டது என்று நாம் அழிப்பதில்லை. எழுத்துருவை நிறுவியதும் வினாத்தாள் அப்படியே வந்துவிடும் என்று நமக்குத் தெரியும். கன்சோல் கிறுக்கலும் அதே இனம்தான்.

இணைக்கும் முறை

முதலில் யுஎஸ்பி மாற்றியைக் கணினியில் செருகவும். விண்டோஸில் டிவைஸ் மேனேஜரைத் திறந்து போர்ட்ஸ் என்ற பகுதியைப் பார்த்தால் காம் 3, காம் 4 என்பது போல ஓர் எண் இருக்கும். அதைக் குறித்துக்கொள்ளவும். எண் எதுவும் தோன்றவில்லை என்றால், மாற்றிக்குரிய டிரைவர் மென்பொருளை நிறுவ வேண்டும்.

பின் புட்டி என்ற கட்டணமில்லா மென்பொருளைத் திறந்து, சீரியல் என்பதைத் தேர்ந்து, காம் எண்ணையும் வேகத்தையும் தரவும். இடப்பக்கப் பட்டியலில் உள்ள சீரியல் பக்கத்தில் மற்ற நான்கு அமைப்புகளும் இருக்கும். புட்டியில் ஓட்டக் கட்டுப்பாடு தானாக "எக்ஸ்ஆன்/எக்ஸ்ஆஃப்" என்று இருக்கும். அதை "நன்" என மாற்றவும். லினக்ஸ் பயன்படுத்துவோர் மினிகாம் என்ற மென்பொருளைப் பயன்படுத்தலாம். அனுமதி இல்லை என்ற செய்தி வந்தால், பயனரை டயல்அவுட் என்ற குழுவில் சேர்க்க வேண்டியிருக்கும்.

இப்போது ஸ்விட்சை அணைத்துவிட்டு மீண்டும் இயக்கவும். இயங்கத் தொடங்கும்போது ஸ்விட்ச் தானாகவே பல வரிகளை அனுப்பும். இணைப்பைச் சோதிக்க இதைவிட எளிய வழி இல்லை.

திரை என்ன சொல்கிறது?

நான் செய்த தவறு, "வேலை செய்கிறது", "வேலை செய்யவில்லை" என்று இரண்டே முடிவுகள் இருப்பதாக எண்ணியது. உண்மையில் திரை நான்கு வகையாகப் பதில் சொல்லும்.

எதுவுமே வரவில்லை: கேபிள், காம் எண், டிரைவர், மின் இணைப்பு ஆகியவற்றைப் பார்க்க வேண்டும். வேகத்தை மாற்றிப் பார்க்கும் கட்டம் இன்னும் வரவில்லை.

முழுவதும் கிறுக்கல்: கேபிளில் பிட்டுகள் வந்துகொண்டிருக்கின்றன, சாதனமும் உயிரோடு இருக்கிறது. பெரும்பாலும் வேகம் பொருந்தவில்லை என்று பொருள்.

பாதி சரி, பாதி தவறு: வேகம் சரியாக இருக்கும். தரவு பிட்டோ பாரிட்டியோ மாறியிருக்கலாம். சாதனம் 7 பிட்டும் இரட்டை பாரிட்டியுமாக அனுப்ப, நாம் 8 பிட்டாகப் படித்தால், 'ஏ' (65) சரியாகவே தெரியும். அதில் இரண்டு 1கள்தான். 'சி'யில் (67) மூன்று 1கள் இருப்பதால் பாரிட்டி பிட் 1 ஆகி, 67 உடன் 128 சேர்ந்து 195 என்று வேறு குறியாகத் தெரியும்.

படிக்க முடிகிறது, தட்டச்சு செய்ய முடியவில்லை: ஓட்டக் கட்டுப்பாட்டைப் பார்க்கவும். மினிகாமில் வன்பொருள் ஓட்டக் கட்டுப்பாடு இயங்கிக்கொண்டிருந்தால் இப்படி நேர்வதுண்டு.

கணித ஆசிரியர்கள் ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். வேகங்கள் 8, தரவு பிட் 2 வகை, பாரிட்டி 3 வகை, நிறுத்த பிட் 2 வகை. மொத்தம் 8 × 2 × 3 × 2 = 96 சேர்க்கைகள். மனம்போனபடி மாற்றிக்கொண்டிருந்தால் எதை முயன்றோம் என்பதே மறந்துவிடும். மற்ற மூன்றையும் 8, இல்லை, 1 என்று நிலையாக வைத்து வேகத்தை மட்டும் மாற்றினால் அதிகபட்சம் எட்டே முயற்சிகள். அதிலும் 9600, 115200 இரண்டையும் முதலில் பார்த்தால் பெரும்பாலும் அங்கேயே முடிந்துவிடும். ஒரு மாறியை மட்டும் மாற்றி மற்றவற்றை மாறாமல் வைத்திருங்கள் என்று அறிவியல் சோதனைகளில் மாணவர்களுக்குச் சொல்கிறோம் அல்லவா? அதுவே இங்கும் விதி.

சாதனத்தில் வேகத்தை மாற்றும்போது

முன்னாள் மாணவரிடம் தொலைபேசியில் கடவுச்சொல்லைக் கேட்டுப் பெற்று உள்ளே சென்றோம். பிரிவினையை நீக்கி எல்லா முனைகளையும் ஒன்றாக்கினோம். அடுத்து, கன்சோல் வேகத்தையும் வழக்கமான 9600க்கே மாற்றிவிட நினைத்தோம். அடுத்து வரும் ஆசிரியர் என்னைப் போல் திண்டாடக் கூடாது அல்லவா?

சிஸ்கோ வகைக் கட்டளைகளில் இதன் வரிசை: 'எனேபிள்', 'கான்ஃபிகர் டெர்மினல்', 'லைன் கன்சோல் 0', 'ஸ்பீடு 9600'. (தட்டச்சு ஆங்கிலத்தில்தான்.) கடைசிக் கட்டளைக்கு என்டர் விசையை அழுத்தியதும் திரையில் மீண்டும் கிறுக்கல்! மாணவர்கள் பதறினார்கள். இந்த முறை நான் பதறவில்லை. ஸ்விட்ச் அந்தக் கணமே 9600க்கு மாறிவிட்டது. நம் கணினி இன்னும் 115200இல் இருக்கிறது. புட்டியில் வேகத்தை 9600 ஆக்கியதும் உரையாடல் தொடர்ந்தது.

இங்கே ஒரு பாதுகாப்பு உண்டு. மாற்றிய அமைப்பைச் சேமிக்கும் வரை அது தற்காலிகமானதே. வழி தெரியாமல் சிக்கிக்கொண்டால் மின்சாரத்தை நிறுத்தி மீண்டும் இயக்கினால் பழைய அமைப்பே திரும்பி வரும். எல்லாம் சரி என்று உறுதியான பிறகே 'காப்பி ரன்னிங்-கான்ஃபிக் ஸ்டார்ட்அப்-கான்ஃபிக்' என்ற கட்டளையால் சேமிக்க வேண்டும்.

முக்கியமான ஒன்று: உயர் தொழில்நுட்ப ஆய்வகம் போன்ற திட்டங்களில் வந்த கருவிகளின் அமைப்பை நாமாக மாற்றக் கூடாது. அவற்றைப் பராமரிப்பதற்கென்று பொறுப்பாளர்கள் இருக்கிறார்கள். பள்ளிக்குச் சொந்தமான கருவியானாலும் தலைமை ஆசிரியரின் ஒப்புதல் பெற்று, பழைய அமைப்பைக் குறித்து வைத்துக்கொண்ட பின்னரே தொட வேண்டும்.

வகுப்பறைச் செயல்பாடு: உ எப்படி ஊ ஆனது?

ஸ்விட்சோ கணினியோ இல்லாமல் தொடக்கப் பள்ளியிலும் இதைச் செய்யலாம். தேவை: ஒரு பக்கம் வெள்ளை, மறுபக்கம் கறுப்பு நிறமுள்ள ஓர் அட்டை. வெள்ளை என்றால் 1. கறுப்பு என்றால் 0.

உயிரெழுத்துகள் பன்னிரண்டுக்கும் அ = 1, ஆ = 2, இ = 3, ஈ = 4, உ = 5, ஊ = 6 என வரிசையாக எண் கொடுங்கள். நான்கு பிட்டுகள் போதும். 15 வரை இடம் இருக்கிறது. உ என்பது 5, அதாவது 0101. வலக்கோடியிலிருந்து அனுப்பினால் 1, 0, 1, 0. முன்னால் தொடக்க பிட் 0, பின்னால் நிறுத்த பிட் 1. ஆக அட்டை கறுப்பு, வெள்ளை, கறுப்பு, வெள்ளை, கறுப்பு, வெள்ளை என்று மாறும்.

அனுப்பும் மாணவர் ஒவ்வொரு நிறத்தையும் இரண்டு விநாடி காட்டட்டும். பெறுபவர் முதல் கறுப்பைக் கண்டதும் மனத்துக்குள் எண்ணிக்கொண்டே இரண்டு விநாடிக்கு ஒன்றாகக் குறிக்கட்டும். உ சரியாகக் கிடைக்கும்.

இப்போது அனுப்புபவரை மாற்றாமல், பெறுபவரை மட்டும் ஒரு விநாடிக்கு ஒன்றாகக் குறிக்கச் சொல்லுங்கள். ஒவ்வொரு நிறமும் இரண்டு முறை பதிவாகும். முதல் ஆறு குறிப்புகள்: 0, 0, 1, 1, 0, 0. தொடக்க பிட் 0. தரவு 0, 1, 1, 0. அதன் மதிப்பு 6. உ அனுப்பியது ஊ என்று வந்துவிட்டது! ஆனால் நிறுத்த பிட் இருக்க வேண்டிய இடத்தில் 1க்குப் பதில் 0 இருக்கிறது. "ஏதோ பொருந்தவில்லை" என்று கண்டுபிடிக்கும் துப்பு அதுதான். அதைக் குழந்தைகளே கண்டு சொல்லும்படி விட்டுவிடுங்கள்.

உயர்நிலை வகுப்புகளில் கேள்வியை வளர்க்கலாம். தமிழின் 247 எழுத்துகளுக்கும் தனித்தனி எண் தர எத்தனை பிட் வேண்டும்? 7 பிட்டில் 128தான், போதாது. 8 பிட்டில் 256; ஒன்பது இடம் மிச்சம். யூனிகோடு யுடிஎஃப்-8 முறையோ வேறு வழியைக் கையாள்கிறது. 'தமிழ்' என்ற சொல்லில் த, ம, இகரக் குறி, ழ, புள்ளி என ஐந்து குறியீடுகள். ஒவ்வொன்றுக்கும் 3 பைட் வீதம் 15 பைட். 9600 வேகக் கன்சோலில் விநாடிக்கு எத்தனை முறை 'தமிழ்' என்று அனுப்பலாம்? 960ஐ 15ஆல் வகுத்தால் 64 முறை.

நிறைவாக

இன்று எங்கள் ஆய்வகத்தில் 14 கணினிகளும் ஒரே வலையமைப்பில் இயங்குகின்றன. ஸ்விட்சின் மேல் ஒரு தாள் ஒட்டியிருக்கிறோம். அந்த மாணவியின் கையெழுத்தில், "கன்சோல்: 9600, 8, பாரிட்டி இல்லை, 1, ஓட்டக் கட்டுப்பாடு இல்லை" என்றும் அமைத்த தேதியும் அதில் உள்ளன. உங்கள் பள்ளியிலும் இப்படிப்பட்ட கருவி இருந்தால் இந்த ஒரு வரியை எழுதி ஒட்டிவிடுங்கள். உங்களுக்குப் பின் வருபவருக்கு அது பெரிய உதவி.

விடைத்தாள் திருத்தும்போது இப்போதெல்லாம் எனக்கு அந்தத் திரை நினைவுக்கு வருகிறது. எதுவுமே எழுதாத விடைத்தாளும், புரியாமல் எழுதிய விடைத்தாளும் ஒன்றல்ல. இரண்டாவது மாணவர் நம்மோடு பேச முயல்கிறார். முன்பு கோடு போட்டு அடித்துவிட்டுப் போன நான், இப்போது அந்த மாணவரை அழைத்து, "இதை எப்படிச் செஞ்சே, சொல்லு" என்று ஒரு முறை கேட்கிறேன்.

பீரோவில் பூட்டி வைத்த கருவிகள் உங்கள் பள்ளியிலும் இருக்கலாம். பழுது என்று எழுதிக் கழிப்பதற்கு முன், ஒரு முறை வேகத்தை மாற்றிப் பாருங்கள்.